பாலிமர் சிமுலேஷன் வெடித்தால், முரண்டு பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கோவையில் ஒரு ஆய்வுக்கூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாலிமர் சிமுலேஷன் (பாலிமரின் நீளமான மூலக்கூறுச் செயின்கள் எப்படி அசையும் என்று கணினியில் கணக்கிடுவது) ஓட்டும் பிள்ளைகள் ஈரோடு, கரூர், பொள்ளாச்சி, பல்லடம் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒருவர் திருப்பூர் பாலியஸ்டர் நூலை மனதில் வைத்து பெட் (PET, பாலியஸ்டர்) செயின் கட்டுவார். இன்னொருவருக்குக் கரூர் கொசுவலையின் பாலிஎத்திலீன். பொள்ளாச்சிக்காரருக்குத் தேங்காய் நாரின் செல்லுலோஸ். பொருள் மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும்: "அண்ணா, ரன் வெடிச்சிருச்சுங்க." கணக்கு கட்டுமீறி, அணுக்கள் தாறுமாறாகப் பறந்து ஓட்டம் நின்றுபோவதைத்தான் வெடிப்பது என்கிறோம். திரும்பத் திரும்ப அதே எட்டொன்பது கோளாறுகள்தான். அவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

க்ரோமாக்ஸ், லாம்ப்ஸ் என்ற இரண்டு சிமுலேஷன் மென்பொருள்களையும் வைத்தே சொல்கிறேன், இங்கே பெரும்பாலும் ஓடுவது அவைதான். தொடங்குமுன் இரண்டு விஷயம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி ரன் ஓடிவிட்டால், எது சரியாயிற்று என்று கடைசிவரை தெரியாது. அடுத்தது, லாக் கோப்பை மேலிருந்து படியுங்கள். எல்லாரும் கடைசி வரியைத்தான் எனக்கு அனுப்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் முதல் எச்சரிக்கையில் இருக்கும், கடைசி வரி அதன் விளைவு.

## படத்தில் செயின் துண்டு துண்டாகத் தெரிகிறது, அல்லது பாக்ஸ் முழுக்க நீளக் கோடுகள்

இது கோளாறே இல்லை. அணுக்களை அடைத்து வைக்கும் கற்பனைப் பெட்டிதான் பாக்ஸ். அதன் வலது சுவர் வழியாக வெளியேறும் அணு இடது சுவர் வழியாக உள்ளே வரும். படம் வரையும் மென்பொருள் அந்த இரண்டு முனைகளுக்கும் இடையே கோடு போட்டுவிடுகிறது. செயின் அறுந்துவிடவில்லை. சாதாரண ஃபோர்ஸ் ஃபீல்டுகளில் (அணுக்களுக்கிடையிலான விசைகளைச் சொல்லும் சூத்திரங்களும் எண்களும்) பிணைப்பு அறுக்கவே முடியாது, நீளத்தான் முடியும்.

க்ரோமாக்ஸில், அணுக்களின் நகர்வைப் பதிந்த ட்ராஜெக்டரியை மாற்றும் கருவிக்கு, மூலக்கூறை முழுதாக்கும் 'ஹோல்' தேர்வைக் கொடுங்கள். நகர்வைக் கணக்கிடுவதாக இருந்தால் அதன்பிறகு 'நோஜம்ப்'. லாம்ப்ஸில் சாதாரண எக்ஸ், ஒய், இசட் எழுதாமல், சுருட்டாத (எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிக் கொண்டுவராத) எக்ஸ்யு, ஒய்யு, இசட்யு எழுதச் சொல்லுங்கள்.

படத்தோடு நின்றால் பரவாயில்லை. சுருட்டிய ஆயங்களை வைத்தே சுழல் ஆரமும் (செயின் எவ்வளவு பரந்திருக்கிறது என்ற அளவு) முனை தூரமும் கணக்கிட்டு அட்டவணை போட்டுவிடுகிறார்கள். சுழல் ஆரம் ஒரு ஃபிரேமில் 2 நானோமீட்டர், அடுத்ததில் 4 என்று தாவினால் இதுதான் காரணம். செயின் அப்படித் தாவாது.

## முதல் சில ஸ்டெப்பிலேயே வெடிக்கிறது

க்ரோமாக்ஸில் லிங்க்ஸ் எச்சரிக்கை (பிணைப்பு நீளத்தைக் கட்டிப்போடும் பகுதியிலிருந்து வருவது) சரமாரியாக வரும். லாம்ப்ஸில் அணுக்கள் தொலைந்துவிட்டன என்றோ, பிணைப்புக்குரிய அணுவைக் காணோம் என்றோ நிற்கும். ஆற்றல் இருக்கவேண்டிய இடத்தில் என்ஏஎன் (எண்ணே இல்லை) என்று அச்சாகியிருக்கும். சுலபமானதிலிருந்து பார்ப்போம்.

### அலகு

லாம்ப்ஸில் 'ரியல்' அலகில் டைம்ஸ்டெப் (ஒரு ஸ்டெப்பில் நகரும் நேரம்) ஃபெம்டோநொடியில் இருக்கும், 1.0 என்றால் 1 ஃபெம்டோநொடி. அதே 1.0ஐ 'மெட்டல்' அலகில் எழுதினால் 1 பிகோநொடி, ஆயிரம் மடங்கு. கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு முறை அதிர்ந்து முடிய ஏறக்குறைய 11 ஃபெம்டோநொடிதான் ஆகும். பிகோநொடிக்கு ஒரு முறை எட்டிப்பார்த்தால் என்ன மிஞ்சும்? வேறொருவரின் இன்புட் கோப்பை எடுத்து, முதல் வரியில் அலகை மட்டும் மாற்றுபவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கட்டிப்போடாமல் ஓட்டினால் 1 ஃபெம்டோநொடி, கட்டிப்போட்டால் 2. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

### அணுமேல் அணு

பேக்மால் போன்ற கருவியால் செயின்களை அடைத்திருந்தால் பாக்ஸின் ஓரத்தைப் பாருங்கள். கருவி உள்ளே 2 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி விட்டிருக்கும். ஆனால் சுவருக்கு அப்பால் இருப்பது எதிர்ச்சுவர் என்பதை நீங்கள் அதற்குச் சொல்லியிருக்கமாட்டீர்கள். அடைக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 1 ஆங்ஸ்ட்ராம் குறைத்துக் கொடுங்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து 2 கிடைக்கும். பிறகு ஆற்றலைக் குறைக்கும் ஓட்டத்தை முழுமையாக முடியுங்கள். க்ரோமாக்ஸில் அதிகபட்ச விசை 1000க்குக் கீழே வந்ததா என்று கடைசியில் அச்சாகும். 'இதற்குமேல் குறையவில்லை' என்று அது நின்றுவிட்டு, விசை லட்சத்தில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அடுத்த கட்டத்துக்குப் போனால் வெடிக்கத்தான் செய்யும்.

அந்த அதிகபட்ச விசை எந்த அணுவில் என்று எண்ணோடு எழுதியிருக்கும். பத்தில் ஒன்பது பேர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. படம் காட்டும் விஎம்டி மென்பொருளில் அந்த அணுவைத் தேர்ந்தெடுத்துச் சுற்றி 5 ஆங்ஸ்ட்ராமை மட்டும் காட்டச் சொல்லுங்கள். க்ரோமாக்ஸ் வெடிக்கும்போது 'ஸ்டெப்' என்று தொடங்கும் சில பிடிபி கோப்புகளைப் போட்டுவிட்டுப் போகும். குப்பை என்று அழிக்காதீர்கள், வெடிப்புக்கு முன்னும் பின்னும் அணுக்கள் எங்கே இருந்தன என்பது அதில்தான் இருக்கிறது.

### வளையத்துக்குள் செயின்

பெட், பாலிஸ்டைரீன் என்று பென்சீன் வளையம் உள்ள பாலிமர் எதுவானாலும் இதைப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முறை நான்கு நாள் ஆனது. ஈரோட்டுப் பெண் ஒருவர் கட்டிய பெட் பாக்ஸ். ஆற்றல் குறைந்தது, விசையும் ஓரளவு இறங்கியது. டைம்ஸ்டெப்பை அரை ஃபெம்டோநொடிக்குக் கொண்டுவந்தும் இருநூறாவது ஸ்டெப் வாக்கில் வெடித்தது. கடைசியில் எல்லாப் பிணைப்பு நீளங்களையும் எழுதவைத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினோம். 0.14 நானோமீட்டர் இருக்கவேண்டிய வளையப் பிணைப்பு ஒன்று 0.2ஐத் தாண்டி இழுபட்டு நின்றது. அந்த இடத்தை அருகில் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தால், பக்கத்துச் செயினின் எத்திலீன் துண்டு அந்த வளையத்தின் நடுவே புகுந்து வெளியே வந்திருந்தது, ஊசிக் காதில் நூல் கோத்த மாதிரி. அந்தப் பெண் திரையைத் தொட்டு, "இதுங்களா அண்ணா இத்தனை நாளா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

இதை ஆற்றல் குறைப்பால் பிரிக்கவே முடியாது. கோத்த நூல் தானாக அவிழாது, வளையம் அறுந்தால்தான் வழி, ஆனால் பிணைப்பு அறுவதில்லை. பாக்ஸைப் புதிதாகக் கட்டுவது ஒன்றே தீர்வு. இந்த முறை உண்மை அடர்த்தியில் அடைக்காமல், அதில் மூன்றிலொரு பங்கு அடர்த்தியில் தளர்வாக வைத்து, பிறகு மெல்ல அழுத்திக் கொண்டுவாருங்கள். கட்டி முடித்ததும் பிணைப்பு நீளங்களை வரிசைப்படுத்தும் சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

### பராமீட்டர் மாற்றியதில் பிசகு

ஒரு மென்பொருளின் பராமீட்டரை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது வருவது இது. லாம்ப்ஸில் ஸ்பிரிங் சூத்திரத்தின் முன்னால் அரை கிடையாது, க்ரோமாக்ஸில் உண்டு. கிலோகலோரியிலிருந்து கிலோஜூலுக்கு 4.184. ஆங்ஸ்ட்ராம் வர்க்கத்திலிருந்து நானோமீட்டர் வர்க்கத்துக்கு 100. அந்த அரைக்காக இன்னொரு 2. எல்லாம் சேர்ந்து 836.8. ஓபிஎல்எஸ் ஃபோர்ஸ் ஃபீல்டில் கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு 268 என்றால், க்ரோமாக்ஸ் கோப்பில் 2,24,262.4 என்று இருக்கவேண்டும். அதில் பாதியோ இருமடங்கோ இருந்தால் அரையைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இதில் தொல்லை என்னவென்றால், பாதியாக இருந்தால் ரன் வெடிக்காது. சத்தமில்லாமல் தவறான விடையைக் கொடுத்துக்கொண்டே ஓடும்.

### மணி–ஸ்பிரிங் மாதிரி என்றால்

கிரெமரும் கிரெஸ்டும் 1990ல் தந்த, செயினை ஸ்பிரிங்கால் கோத்த மணிகளாக வைக்கும் மாதிரியை ஓட்டுபவர்களுக்கு 'ஃபீனி பிணைப்பு மிக நீளம்' என்ற எச்சரிக்கை பழகிப்போனது. அதில் பிணைப்பு 1.5 சிக்மாவை (சிக்மா என்பது மணியின் விட்டம்) தொடவே கூடாது, சாதாரணமாக 0.97 வாக்கில் நிற்கும். தாறுமாறாக நடக்கவிட்டுக் கட்டிய செயின்களில் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். அவற்றின்மேல் நேராக லென்னார்ட்–ஜோன்ஸ் விசையைப் போட்டால் தூக்கி வீசிவிடும். முதலில் மென்மையான விலக்கு விசையை வைத்து, அதன் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். ஒரு ஸ்டெப்பில் மணி நகரும் தூரத்துக்கு 0.1 என்று வரம்பு போட்டு ஓட்டுங்கள். பிறகு உண்மையான விசைக்கு மாறுங்கள். 'ஸ்பெஷல் பாண்ட்ஸ்' வரியை (பிணைந்த பக்கத்து மணிகளுக்கு இந்த விசையை எவ்வளவு கணக்கிடுவது என்று சொல்வது) 0, 1, 1 என்று வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், லாம்ப்ஸ் தானாக எடுப்பது மூன்றும் பூஜ்யம்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

மேலே உள்ளதெல்லாம் பார்த்தாகிவிட்டது, மோனோமரோ புதிது, எந்த ஃபோர்ஸ் ஃபீல்டிலும் இல்லாத கோணமோ முறுக்கமோ இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். பக்கத்தில் உள்ள எண்ணைத் தோராயமாக எடுத்துப் போடாதீர்கள். அது குவாண்டம் வேதியியல் செய்பவரின் வேலை. ஒரு மோனோமருக்கான மின்னூட்டமும் முறுக்க ஆற்றல் வளைவும் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போது மோனோமரை மட்டும் கொடுக்காமல், இரண்டு பக்கமும் தொப்பி போட்ட மூன்று அலகுச் செயினாகக் கொடுங்கள். நடு அலகின் எண்கள்தான் செயினுக்குப் பொருந்தும்.

செய்யவே கூடாத இரண்டு: க்ரோமாக்ஸில் எச்சரிக்கைகளை மீறி ஓடச் சொல்லும் தேர்வு, லாம்ப்ஸில் தொலைந்த அணுக்களைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் வரி. ஒரு எச்சரிக்கையின் பொருள் புரிந்து, அது உங்களுக்குப் பொருந்தாது என்று வாயால் விளக்க முடிந்தால் மட்டும் கடந்துபோகலாம். தொலைந்த அணுவுக்கு அந்த விலக்கும் கிடையாது.

## நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் வெடிக்கிறது

முதலில் கேட்கவேண்டியது: அழுத்தக் கட்டுப்பாட்டைப் போட்ட பிறகா? ஆமாம் என்றால், பெரும்பாலும் பாரினெல்லோ–ரஹ்மான் முறையை நேரடியாகப் போட்டிருப்பீர்கள். பாக்ஸ் நிலைக்கு வெகு தூரத்தில் இருக்கும்போது அந்த முறை ஊஞ்சல் மாதிரி ஆடி, வீச்சு பெருகி, கடைசியில் கவிழ்த்துவிடும். முதலில் பெரெண்ட்சென் அல்லது சி-ரீஸ்கேல் வைத்து அடர்த்தி அடங்கும்வரை ஓட்டுங்கள், பிறகு மாறுங்கள். லாம்ப்ஸில் அழுத்தத்தின் தணிப்பு நேரம் டைம்ஸ்டெப்பைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு இருக்கட்டும், வெப்பத்துக்கு 100 மடங்கு. 'ரியல்' அலகில் 1 ஃபெம்டோநொடி ஸ்டெப் என்றால் 1000, 100 என்றே எழுதலாம்.

அடுத்தது, பாக்ஸ் சுருங்கிச் சுருங்கி, கட்ஆஃப் (எவ்வளவு தூரம்வரை அணுக்களின் விசையைக் கணக்கிடுவது என்ற எல்லை) பாக்ஸ் பக்கத்தின் பாதியைத் தாண்டிவிட்டதா? தளர்வாகக் கட்டி அழுத்தும்போது இது வரும். சிறிய பாக்ஸாகத் தொடங்கியதுதான் தவறு, செயின்களைக் கூட்டிப் பெரிதாகக் கட்டுங்கள்.

லாம்ப்ஸ் லாக்கின் கடைசியில் 'டேஞ்சரஸ் பில்ட்ஸ்' என்று ஒரு எண் வரும். அது பூஜ்யமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் பக்கத்து அணுப் பட்டியல் தாமதமாகப் புதுப்பிக்கப்படுகிறது, ஒவ்வொரு ஸ்டெப்பிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அதே இன்புட், அதே தொடக்கம், ஆனால் ஒரு கணினியில் மட்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது என்றால் இன்புட்டை விட்டுவிடுங்கள். மெமரியைச் சோதிக்கும் மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். பிழை காட்டினால் மெமரிக் குச்சியை மாற்றவேண்டியதுதான்.

## அடர்த்தி ஒட்டவில்லை

முதலில் கையால் ஒரு கணக்கு. பெட்டின் ஓர் அலகு 192 கிராம், 22 அணுக்கள். 50 அலகுச் செயின் 20 வைத்தால் ஆயிரம் அலகு, 22,000 அணு. உருவமற்ற (படிகமாகாத) பெட்டின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.33 கிராம். அவகாட்ரோ எண்ணால் வகுத்துப் பார்த்தால் பாக்ஸின் கனஅளவு சுமார் 240 கனநானோமீட்டர், பக்கம் 6.2 நானோமீட்டர். உங்கள் பாக்ஸ் இதன் பக்கத்தில் இல்லையென்றால் வேறெதையும் பார்க்கவேண்டாம், இதைப் பாருங்கள்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், கரூரிலிருந்து வந்த ஒரு தம்பி மிகுந்த மகிழ்ச்சியோடு வந்து, "அண்ணா, அடர்த்தி கரெக்டா 1.33 வந்திருச்சுங்க" என்றார். பாக்ஸின் கனஅளவை மாற்றாமல் 50 நானோநொடி ஓட்டியிருந்தார். க்ரோமாக்ஸ் அடர்த்தியை கனமீட்டருக்குக் கிலோகிராமில் அச்சிடும், அதில் பெட் 1330 வரவேண்டும். இவர் பாக்ஸின் பக்கத்தை 62 ஆங்ஸ்ட்ராம் என்று நினைத்து 62 என்று எழுதியிருந்தார், க்ரோமாக்ஸ் அதை 62 நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டது. கனஅளவு ஆயிரம் மடங்கு. அவர் ஓட்டியது பாலியஸ்டர் இல்லை, நாம் மூச்சுவிடும் காற்றின் அடர்த்தியில் மிதந்த சில உருண்டைகள். எண் பொருந்திப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு முறை படத்தைத் திறந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அலகு சரி, அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் குறைகிறது என்றால், கட்ஆஃபுக்கு அப்பால் உள்ள ஈர்ப்புக்கான திருத்தத்தைப் பாருங்கள். க்ரோமாக்ஸில் ஆற்றல், அழுத்தம் இரண்டுக்கும் சேர்த்துப் போடவேண்டும், லாம்ப்ஸில் 'டெயில்' என்ற தேர்வு. ஃபோர்ஸ் ஃபீல்டை உருவாக்கியவர்கள் வைத்த கட்ஆஃபையே வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அதோடு மொத்த மின்னூட்டம். 0.0001 என்று மிச்சம் இருந்தால் அது எண்ணை முழுமையாக்கியதில் வருவது. 0.3 என்று இருந்தால் முனை அலகுகளுக்கு நடு அலகின் மின்னூட்டத்தையே போட்டிருக்கிறீர்கள்.

அதிகமாகக் குறைகிறது, ஐந்து பத்து சதவீதம் என்றால், செயின்கள் இன்னும் அடங்கவில்லை. அறை வெப்பநிலையில் பெட் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும். அங்கேயே வைத்து எத்தனை நானோநொடி ஓட்டினாலும் தொடக்கத்தில் இருந்த வெற்றிடம் அப்படியே இருக்கும். 600 கெல்வினுக்கு ஏற்றி, அங்கே அழுத்தி, இறக்கி, மறுபடி ஏற்றி ஓட்டவேண்டும். பலரும் பின்பற்றும் 21 படி முறையில் அழுத்தம் 50,000 பார் வரை போகிறது. கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் தளர்வாகக் கட்டிய கண்ணாடிப் பாலிமருக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

உங்கள் பாலிஎத்திலீன் 0.85 வாக்கில் வருகிறது, கொசுவலை நூலுக்கு 0.95 என்று கம்பெனி அட்டை சொல்கிறது என்றால் பயப்படாதீர்கள். நீங்கள் ஓட்டியது முழுக்க உருவமற்ற பொருள். வலை நூலில் பெரும்பகுதி படிகம், முழுப் படிகத்தின் அடர்த்தி 1.00. சிமுலேஷன் சரியாகத்தான் இருக்கிறது, ஒப்பிட்ட பொருள்தான் வேறு.

## அழுத்தம் −300, +400 என்று குதிக்கிறது

விடுங்கள். இருபதாயிரம் அணுக்கள் உள்ள பாக்ஸில் ஒவ்வொரு நொடித்துளியிலும் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார் ஆடுவது இயல்பு. சராசரியைப் பாருங்கள். சில நானோநொடிகளின் சராசரி 1 பார் பக்கம், அதன் பிழை எல்லைக்குள் வந்தால் சரி. அழுத்தத்தை அடக்குகிறேன் என்று தணிப்பு நேரத்தைக் குறைத்தால் மேலே 'நடுவில் வெடிக்கிறது' பகுதியில் சொன்ன வெடிப்பை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

## செயின் அசையவே இல்லை, இரண்டு ரன் இரண்டு விடை தருகிறது

அடர்த்தியும் ஆற்றலும் கோடாக நேராகிவிட்டது, அதனால் சமநிலை வந்துவிட்டது என்று நம்புவது பாலிமரில் பெரிய ஏமாற்றம். அடர்த்தி சீக்கிரம் அடங்கும். செயினின் உருவம் அடங்க அதைவிடப் பல மடங்கு நேரம் வேண்டும்.

தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது: சிக்கு விழுந்த நூல் கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் குட்டையாக இருந்தால் உதறினாலே பிரிந்துவிடும். நீளமாக இருந்தால் முனையைப் பிடித்து ஒவ்வொரு வளைவாக உருவி எடுக்கவேண்டும். செயினும் அப்படித்தான் ஊர்ந்து வெளியேறுகிறது. சிக்காத குட்டைச் செயினின் நீளத்தைப் பத்து மடங்காக்கினால் அடங்கும் நேரம் நூறு மடங்கு. சிக்கும் அளவுக்கு நீளமான செயினில் அதே பத்து மடங்குக்கு ஏறக்குறைய 2500 மடங்கு.

சோதனைகள் இவை. முனையிலிருந்து முனைக்கான திசை தன் தொடக்க நினைவை எப்போது மறக்கிறது என்று தன்னொப்பு வளைவு போடுங்கள். ரன் முடியும்போதும் அது 0.5லேயே நிற்கிறதென்றால் உங்களிடம் இருப்பது ஒரே ஓர் உருவத்தின் நீண்ட புகைப்படம். அடுத்து, முனைத் தூரத்தின் வர்க்கச் சராசரியைச் சுழல் ஆரத்தின் வர்க்கச் சராசரியால் வகுங்கள். உருகிய நிலையில் நெகிழ்வான நீளச் செயினுக்கு 6 பக்கத்தில் வரவேண்டும். மூன்றோ பத்தோ வந்தால் அடங்கவில்லை.

விகிதம் சரி, திசையும் மறக்கிறது, ஆனால் ஆரம் எல்லாச் செயினிலும் சிறியதாகவே இருக்கிறதா? முறுக்கக் கோணத்தின் குறியைப் பாருங்கள். க்ரோமாக்ஸின் ரிக்கார்ட்–பெல்மன்ஸ் சூத்திரத்தில் டிரான்ஸ் (செயின் நீட்டி நிற்கும் நிலை) என்பது பூஜ்யம், மற்ற பல இடங்களில் 180. இதை மாற்றாமல் எண்களைக் கொண்டுவந்தால் ஒற்றைப்படைக் கெழுக்களின் குறி தலைகீழாகிவிடும், நீட்டி நிற்கவேண்டிய இடத்தில் செயின் மடங்கும். பாலிஎத்திலீனின் முறுக்கக் கோண விநியோகத்தை வரைந்து பாருங்கள், உயரமான சிகரம் டிரான்ஸில் இருக்கவேண்டும்.

தீர்வு செலவு குறைந்ததிலிருந்து: வெப்பத்தைக் கூட்டி ஓட்டுங்கள், செயினைக் குட்டையாக்குங்கள், ஒரே நீண்ட ரன்னுக்குப் பதில் வேறு வேறு தொடக்கத்திலிருந்து ஐந்து ரன் ஓட்டிப் பிழை எல்லையோடு எழுதுங்கள். அதுவும் போதாது, நீளச் செயின்தான் வேண்டும் என்றால் பல அணுக்களை ஒரு மணியாகச் சேர்த்து ஓட்டும் கோர்ஸ்-கிரெயின் மாதிரிக்குப் போகவேண்டும். அதைத் தனியாகத் தொடங்காதீர்கள், ஏற்கெனவே செய்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். மேசைக் கணினியில் முடியாத அளவு என்றால் உங்கள் வழிகாட்டி மூலம் பெரிய கணினியில் நேரம் கேட்கலாம். திருச்சி என்ஐடியில் 2022ல் தொடங்கிய பரம் பொருள் சூப்பர் கணினி நமக்கு ரொம்பத் தூரமில்லை.

## கண்ணாடி மாற்ற வெப்பநிலை அதிகமாக வருகிறது

கண்ணாடி மாதிரி உறைந்த பாலிமர் இளகத் தொடங்கும் வெப்பநிலை இது. ஆய்வகத்தில் அதை அளக்கும் டிஎஸ்சி கருவி நிமிடத்துக்கு 10 டிகிரி குளிர்விக்கும். நீங்கள் நானோநொடிக்கு 10 டிகிரி குளிர்விக்கிறீர்கள், நொடிக்கு 1,000 கோடி டிகிரி. வேகம் ஒவ்வொரு பத்து மடங்கு கூடும்போதும் மாற்ற வெப்பநிலை சுமார் 3 டிகிரி ஏறும் என்று வைத்தாலே, இரண்டுக்கும் இடையிலுள்ள பதினொரு பத்து மடங்குக்கு முப்பது டிகிரிக்கு மேல் ஆகிறது. ஆகவே 70, 80 செல்சியஸில் இருக்கவேண்டிய பெட் உங்களுக்கு 110ல் வந்தால் அது நல்ல விடை. அச்சுஅசலாக 75ல் வந்தால்தான் நான் இன்புட்டைத் திறந்து பார்ப்பேன்.

## ரன் மெதுவாகிவிட்டது

நாளுக்கு எத்தனை நானோநொடி என்பதை நல்ல நிலையில் ஒரு முறை குறித்து வைத்திருந்தால்தான் மெதுவாகிவிட்டதா என்றே தெரியும். குறித்து வையுங்கள்.

தொடக்கத்திலிருந்தே மெதுவென்றால்: 8 கோர் கணினியில் 8 ப்ராசஸ், ஒவ்வொன்றும் 8 த்ரெட் என்று 64 பேர் எட்டு நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்களா பாருங்கள். ஜிபியு உண்மையிலேயே வேலை செய்கிறதா, பத்து ஸ்டெப்புக்கு ஒரு முறை டிஸ்க்கில் எழுதச் சொல்லியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இருபதாயிரம் அணுவுக்கு 64 கோர் கொடுத்தால் 16 கோரைவிட மெதுவாகவும் ஓடலாம், சின்ன ரன் ஓட்டி அளந்து முடிவு செய்யுங்கள்.

முன்பு வேகமாக ஓடியது, இப்போது குறைந்துவிட்டது என்றால் பெரும்பாலும் சூடு. சோமனூரில் ஒரு பையன் வீட்டு மாடியில் கணினி வைத்திருந்தார், கீழே தறி. மார்கழியில் வாங்கியபோது இருந்த வேகம் சித்திரையில் பாதியானது. மென்பொருளை இரண்டு முறை நீக்கி நிறுவியிருந்தார். உறையைத் திறந்தோம். ஹீட்சிங்கின் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே பஞ்சு தூசி படிந்து, விரலால் எடுத்தால் ஒரே தாளாக உரிந்து வந்தது, கம்பளித் துண்டு மாதிரி. ப்ராசஸர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. அவருடைய அப்பா தறியின் பஞ்சை ஊதும் கம்ப்ரசரையே தூக்கிவந்தார். அதை அப்படியே பாய்ச்சாதீர்கள், குழாயில் தண்ணீர் இருக்கும், வேகமும் அதிகம். முதலில் மென்மையான பிரஷ், பிறகு கையால் இயக்கும் சின்ன ஊதுகுழல். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிப் பக்கம் குடியிருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்யவேண்டும்.

சுத்தம் செய்தும் ப்ராசஸர் 95 டிகிரிக்கு மேல் நிற்கிறதென்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழக்கமில்லையென்றால் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள், ப்ராசஸரைச் சாக்கெட்டோடு பிடுங்கி வந்த கதைகளைப் பார்த்திருக்கிறேன்.

## கரண்ட் போனது, ரன்னும் போனது

க்ரோமாக்ஸ் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே செக்பாயின்ட் எழுதும். அந்தக் கோப்பைக் காட்டித் தொடரச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து ஓடும். எழுதும்போதே கரண்ட் போய் அது கெட்டிருந்தால், 'ப்ரெவ்' என்று முடியும் முந்தின கோப்பு பக்கத்திலேயே இருக்கும். அழுதுகொண்டு வந்த இரண்டு பேரை இந்தக் கோப்பு காப்பாற்றியிருக்கிறது.

லாம்ப்ஸ் நீங்கள் சொல்லாமல் எதையும் எழுதாது. 50,000 ஸ்டெப்புக்கு ஒரு முறை, இரண்டு கோப்புகளில் மாற்றி மாற்றி எழுதும்படி ஒரு 'ரீஸ்டார்ட்' வரி போடுங்கள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும்.

யூபிஎஸ் இருந்தும் விழுகிறதா? ஜிபியு முழு வேகத்தில் இழுக்கும்போது பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று, முக்கியமான ரன் எதுவும் ஓடாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி அளந்து பாருங்கள். இரண்டு நிமிடம் தாங்கினாலும் போதும். யூபிஎஸ்ஸிலிருந்து சேதி வந்ததும் க்ரோமாக்ஸுக்கு நிறுத்தச் சொல்லும் சிக்னலை அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள், அது செக்பாயின்ட் எழுதிவிட்டு ஒழுங்காக நிற்கும்.

கரண்ட் போகாமலேயே, கனமான ரன் தொடங்கிய சில நிமிடங்களில் கணினி தானாக அணைந்து எழுகிறது, சூடும் இல்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளையின் மேல். பக்கத்துக் கணினியின் பவர் சப்ளையை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அதன் பெட்டியைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதைச் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். உறையைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதென்றால் எர்த் சரியில்லை, அன்றைக்கு ரன்னை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.